பொன்னாடை இல்லாமல் ஒரு வருகை: படக்கதைக்காரர்களைப் பள்ளிக்கு அழைத்த அனுபவம்

சங்கரன்கோவில் பக்கம் மூன்று ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கு, படக்கதை எழுதும் ஒருவரையும் அந்தக் கதைகளுக்குப் படம் வரையும் ஒருவரையும் சென்ற ஆண்டு பிப்ரவரியில் அழைத்து வந்தோம். ரசீதுகளை எல்லாம் ஒட்டி, பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஒரு பள்ளியில் சரியாக அமையவில்லை. மற்ற இரண்டிலும் பிள்ளைகள் அவர்களை விடவே இல்லை. மூன்று இடத்துக்கும் வந்தது அதே இருவர்தான், கொண்டுவந்ததும் அதே பைதான். ஏற்பாடுதான் வேறுபட்டது. அதனால் ஏற்பாட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

நாள் பார்த்தது

எழுத்தாளரை அழைக்க வேண்டும் என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது நவம்பர் 14. அன்றைக்கு எல்லாப் பள்ளியும் அவர்களைத்தான் கூப்பிடும். எங்கள் பக்கம் மழையும் அப்போதுதான். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சென்னைப் புத்தகக் காட்சி என்பதால், புத்தகம் போடுகிறவர்கள் யாரும் ஊரைவிட்டு நகர மாட்டார்கள். ஏப்ரல் 2 சர்வதேசக் குழந்தைகள் புத்தக தினம், ஆன்டர்சன் பிறந்த நாள். பொருத்தமான தேதிதான். ஆனால் அதற்குள் ஆண்டுத் தேர்வு வேலை தலைக்கு மேல் வந்துவிடும். எல்லாம் கழித்துப் பார்த்தால், பொங்கல் விடுமுறை முடிந்து ஆண்டு விழா ஒத்திகை தொடங்குவதற்கு இடையில் பிப்ரவரி முதல் பாதிதான் மிஞ்சியது. ஜூலை, ஆகஸ்டும் நல்ல மாதங்களே. அடுத்த முறைக்கு அதைத்தான் யோசித்து வைத்திருக்கிறேன்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. இரவு எழும்பூரில் பொதிகை ஏறினால் காலையில் சங்கரன்கோவிலில் இறங்கிவிடலாம். பொங்கலுக்கு வந்த கூட்டம் திரும்பும் நாட்களைத் தவிர்த்தால் டிக்கெட் சிரமமில்லாமல் கிடைக்கும்.

கடிதம்

"தாங்கள் எங்கள் பள்ளிக்கு வருகை தந்து மாணவர்களிடம் உரையாற்ற வேண்டுகிறோம்" என்றுதான் முதலில் எழுதி அனுப்பினேன். வழக்கமாக எழுதுகிற கடிதம் அது. எழுத்தாளர் அக்காவிடமிருந்து வந்த பதிலில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. வெறும் கேள்விகள். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எங்கள் புத்தகம் எதையாவது படித்திருக்கிறார்களா, தானாக எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் எத்தனை பேர், உட்காரும் அறையின் நீள அகலம் என்ன, கரும்பலகை எப்படி இருக்கிறது, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உண்டா, ஒரு வகுப்போடு எவ்வளவு நேரம் இருக்கலாம்?

அந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதியபோதே வேலையில் பாதி முடிந்துவிட்டது. டேப் வைத்து அறையை அளந்தேன். 20 அடிக்கு 18 அடி. கரும்பலகை சுவரிலேயே பூசியது, கறுப்புச் சாயம் உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. அதற்குப் பலகைச் சாயம் அரை லிட்டர் வாங்கி இரண்டு பூச்சு கொடுத்தோம். குழாய் சத்துணவுக் கூடத்தின் பக்கம் இருந்தது, வர்ணம் கழுவ அது போதும். பிள்ளைகளின் வாசிப்பு பற்றி எழுத, கையில் இருந்த அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று வகுப்புவாரியாக எழுதி அனுப்பினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்தார். "இப்படி எழுதி அனுப்புனா எந்தக் கதையை எடுத்துட்டு வரணும்னு எனக்கே தெரிஞ்சிரும் டீச்சர்."

சம்பளப் பேச்சையும் அந்தப் போனிலேயே முடித்துக்கொண்டோம். நம் ஊரில் எழுத்தாளர் என்றால் பயணச் செலவு கொடுத்து, பொன்னாடை போர்த்தி, ஒரு கேடயம் கொடுத்தால் போதும் என்று ஒரு பழக்கம். இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு, இரவெல்லாம் ரயிலில் வந்து, நாள் முழுக்க நின்று, அறுபது எழுபது பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குக் கூலி கொடுக்காமல் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. நேரடியாகவே கேட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலாயிரம், சால்வை வேண்டவே வேண்டாம் என்றார். கேட்டுவிட்டதில் இருவருக்கும் நிம்மதி.

அனுமதி

2024 செப்டம்பரில் சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் ஒருவர் பேசிய பேச்சு பெரிய சர்ச்சையானது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து யாரையும் அழைப்பதென்றால் தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்தோம். வருகிற இருவரைப் பற்றி ஒரு பக்கம், அவர்கள் படிக்கப்போகும் நாலு புத்தகத்தின் ஒவ்வொரு பிரதி, மணிவாரியாக என்ன நடக்கும் என்று ஒரு பக்கம். புத்தகங்களையே இணைத்ததுதான் வேலை செய்தது. அலுவலகத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் நின்று புரட்டினார்கள், கையெழுத்தும் தாமதமில்லாமல் கிடைத்தது.

இரண்டு விஷயங்களை நாங்களே முடிவு செய்து விண்ணப்பத்தில் எழுதினோம். எந்த நேரமும் வகுப்பாசிரியர் வகுப்பிலேயே இருப்பார். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வந்தவர்களோ நாங்களோ பொதுவெளியில் போட மாட்டோம். பிள்ளைகள் வரைந்ததையும் அவர்கள் கைகளையும் மட்டும் படம் எடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருவர், "அது நல்லது டீச்சர், யார் யார் போன்லயோ எம்புள்ள படம் சுத்த வேண்டாம்" என்றார்.

புத்தகம் முதலில் வர வேண்டும்

வருகைக்கு ஆறு வாரம் முன்பே புத்தகங்கள் வந்து சேர்ந்துவிட்டன. தலைப்புக்கு எட்டுப் பிரதி, நாலு தலைப்பு, மூன்று பள்ளி. மொத்தம் 96 பிரதி. ஏன் எட்டு என்றால், 30 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நாலு பேருக்கு ஒரு புத்தகம் என்று வைத்தால்தான் எல்லாருக்கும் படம் தெரியும். ஐந்தாவது ஆள் வந்தால் எட்டிப் பார்க்கத்தான் முடியும். பதிப்பகத்தில் மொத்தமாக வாங்குவதால் பத்து சதவிகிதம் கழித்துக் கொடுத்தார்கள்.

பணம் இல்லாத பள்ளிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர், பதிப்பாளர் பெயர்களைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளும் உரிமத்தில் அவற்றை வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்றிரண்டை ஏ3 அளவில் கலர் பிரிண்ட் எடுத்து, தடித்த அட்டையில் ஒட்டி, வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி ஒரு பெரிய புத்தகமாகச் செய்து பார்த்தோம். வருகிறவர்களின் புத்தகத்துக்கு அது மாற்று ஆகாது. ஆனால் படத்தைப் படிப்பது என்றால் என்னவென்று பிள்ளைகள் பழகிக்கொள்ள அருமையாக உதவியது.

எங்கள் பள்ளியில் தினமும் காலை உணவு முடிந்து மணி அடிப்பதற்குள் கிடைக்கிற நேரத்தை இதற்கு எடுத்துக்கொண்டேன். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் முன்கூட்டியே வந்துவிடுகிறார்கள். உப்புமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வராந்தாவில் உட்காருவார்கள். முதல் வாரம் எழுத்தைத் தொடவே இல்லை. படத்தை மட்டும் பார்ப்போம், என்ன நடக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டாம் வாரம் நான் வாசிப்பேன். அதற்குப் பிறகு புத்தகம் அவர்களுடையது. ஒன்று ஆட்டுக்குட்டி சந்தைக்குப் போகும் கதை. அது மூன்றாவது வாரத்துக்குள் கிழிந்து ஒட்டுப்போட்டு, ஓரம் எல்லாம் அழுக்கேறிவிட்டது. அதைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு மாரிச்செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிள்ளை பக்கம் பக்கமாக மனப்பாடம்.

முதல் நாள்

முதல் பள்ளி பெரியது. பிள்ளைகள் 140 பேர். அங்கே நல்ல மனசோடுதான் எல்லாம் செய்திருந்தார்கள். பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, வாழைக்கன்று கட்டி, வரவேற்புரை, வாழ்த்துரை என்று நிகழ்ச்சி நிரல் அச்சடித்திருந்தார்கள். அங்குள்ள தலைமையாசிரியரிடம் முந்தின நாளே பேசிப் பார்த்தேன்.

"டீச்சர், மெட்ராஸ்ல இருந்து வர்றவங்களுக்கு ஒரு சால்வைகூடப் போடாம அனுப்புறது மரியாதையா இருக்குமா?"

"அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார். அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குக் கலர் வாங்கிருவோம்."

"அது சரி. இருந்தாலும் ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்க?"

ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். பேச்சுகள் முடியவே பதினொன்றரை ஆனது. அதற்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் மடியில் சாய்ந்துவிட்டார்கள். அக்கா கதை சொல்ல ஆரம்பித்ததும் முன்வரிசை நிமிர்ந்தது. ஆனால் புத்தகம் 21 சென்டிமீட்டர்ச் சதுரம். அதைத் தூக்கிக் காட்டினால் நாலு வரிசைக்கு மேல் எதுவும் தெரியாது. ஐந்தாவது வரிசையில் இருந்த பிள்ளைகள் முட்டிபோட்டு எழுந்தார்கள், ஆறாவது வரிசை நின்றது, பின்னால் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள், ஆசிரியர்கள் அதட்டினார்கள்.

ஓவியர் வரைவதைப் பெரிதாகக் காட்ட ஸ்மார்ட் போர்டு வைத்திருந்தோம். போனை ஒரு கம்பி ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, அவர் கை வரைவது திரையில் தெரியும்படி. முந்தின நாள் மாலை சோதித்தபோது அழகாக வந்தது. காலை வெயிலில் திரை வெளுத்துவிட்டது. கோணியைத் தொங்கவிட்டு இருட்டாக்கினால் புழுக்கம். கை கோடு போட்ட பிறகு சற்றுத் தாமதித்துத்தான் திரையில் அந்தக் கோடு வந்தது. பிள்ளைகள் திரையைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் கரண்டும் போனது.

ஒன்று மட்டும் பெரிய காரணமாகத் தெரிந்தது. அந்தப் பள்ளிக்கு அனுப்பிய 32 புத்தகமும் அழுக்காகிவிடும் என்று பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அன்றைக்குத்தான் வெளியே வந்தன. கேள்வி நேரத்தில் ஆசிரியர் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளைகள் வாசித்தார்கள். "தங்களுக்கு எழுத்தில் ஆர்வம் எவ்வாறு ஏற்பட்டது?" படிக்காத புத்தகத்தைப் பற்றிப் பிள்ளை வேறு என்னதான் கேட்கும்?

மதியம் ஓவியர் நாலாம், ஐந்தாம் வகுப்பை மட்டும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். மைக் இல்லை. அங்கே நிலைமை தேறியது. இரண்டாம் நாளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்த மரத்தடியிலேயே தெளிவாகிவிட்டது. அன்று இரவு தங்கும் விடுதியில் உட்கார்ந்து மறுநாள் நிரலை மாற்றி எழுதினோம். ஒரு நேரத்துக்கு 35 பிள்ளைகளுக்கு மேல் இல்லை. ப வடிவில் மூன்று வரிசை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 40 நிமிடம். மூன்றாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம். நாலு, ஐந்துக்கு ஒன்றரை மணி நேரம். பேச்சு கிடையாது. தலைமையாசிரியர் வாசலில் வரவேற்று, பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் போதும்.

இரண்டாம் நாள்

காலையில் எங்கள் பள்ளி. கறுப்புச் சாயம் பூசிய கரும்பலகையில் ஓவியர் சுண்ணக்கட்டியால் வரைந்தார். அதற்கு ஒரு பக்குவம் வைத்திருக்கிறார். கலர் சுண்ணக்கட்டிகளைச் சர்க்கரைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போடுவார். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஈரமாக இருக்கும்போது வரைந்தால் கோடு மங்கலாகத்தான் தெரியும். காயக் காய நிறம் எழும்பி வரும், தூசியும் பறக்காது. ஆட்டுக்குட்டியை வரைந்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். கண்ணெதிரே அது மெல்ல மெல்லப் பளிச்சென்று ஆவதைப் பார்த்து இரண்டாம் வகுப்பு முழுக்கக் கூச்சல்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. மூன்றாம் வகுப்புப் பையன், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான்.

"சார், இந்தப் பக்கத்துல ஆட்டுக்கு மணி இங்கிட்டுத் தொங்குது. சந்தைக்குப் போனப்புறம் மணியே இல்ல. அத யாரு எடுத்தா?"

ஓவியர் புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நான் வரைய மறந்துட்டேன் தம்பி. எடிட்டரும் பார்க்கல, அக்காவும் பார்க்கல. நீதான் பார்த்திருக்க" என்றார். அடுத்த பதிப்பில் மணியைச் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். பின்னால் இருந்து ஒரு பிள்ளை, "வேண்டாம் சார், சந்தையில யாரோ களவாண்டுட்டாங்கன்னு இன்னொரு புக்கு போடுங்க" என்றது. அக்கா அதைக் குறித்துக்கொண்டார். ஆறு வாரம் அந்தப் புத்தகம் பிள்ளைகள் கையில் இருந்ததால் வந்த கேள்வி இது.

பிறகு பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அந்த ஆட்டுக்குட்டிக் கதை முதலில் எப்படி இருந்தது என்று அக்கா தன் நோட்டைக் காட்டினார். எழுதியதில் பெரும்பகுதி அடித்திருந்தது. "ஏன் இத்தனையும் அடிச்சிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "இது எல்லாத்தையும் சார் படத்துல வரைஞ்சிட்டாரு. படத்துல இருக்கிறத நான் மறுபடி எதுக்குச் சொல்லணும்?" என்றார். நாங்கள் ஆசிரியர்கள் கட்டுரைப் பயிற்சியில் பத்து வரி எழுது, இருபது வரி எழுது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அடிப்பதும் எழுத்து வேலைதான் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

ஓவியரிடம் ஒரே ஏ3 தாளில் முழுப் புத்தகமும் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் பென்சிலில் இருந்தது. 24 பக்கப் புத்தகம். ஏன் 24, ஏன் 23 இல்லை என்று கேட்டான் ஒருவன். அதற்குப் பதில் சொல்லத் தயாராகவே இருந்தோம். இங்கிருந்து சிவகாசி பக்கம்தானே. அங்கே அச்சகம் ஒன்றில் கேட்டு, வர்ணம் சரிபார்க்க ஓட்டி ஒதுக்கும் வீண் தாள்கள் கொஞ்சம் வாங்கி வந்திருந்தேன். ஒரு பக்கத்தில் எட்டு, மறுபக்கத்தில் எட்டு என்று ஒரே தாளில் 16 பக்கம் அச்சாகியிருக்கும். சில பக்கம் தலைகீழாக நிற்கும். அதைப் பிள்ளைகளே மூன்று மடிப்பாக மடித்தார்கள். மடித்து ஓரம் வெட்டியதும் பக்கங்கள் வரிசையாக வந்து நின்றன. 16 பக்கத்துக்கு ஒரு தாள், இன்னும் எட்டுக்கு அரைத் தாள், அதனால் 24.

அதே வீண் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தது இன்னொரு கொண்டாட்டம். ஆட்டின் பழுப்பு நிறத்தை உருப்பெருக்கிப் பார்த்தால் அங்கே பழுப்பே கிடையாது. நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி வரிசை பிடித்து நிற்கும். லென்ஸ் ஐந்து வாங்கியிருந்தேன், ஒன்று 60 ரூபாய். குறைந்தது பத்து வாங்கியிருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு வரை எல்லாருக்கும் சுற்றி வர நேரம் போதவில்லை. இரண்டு பிள்ளைகளின் அப்பாக்கள் சிவகாசியில் ஆப்செட் மெஷினில் வேலை பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் அன்றைக்குத் தங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று எழுந்து நின்று வகுப்புக்குச் சொன்னார்கள்.

கரிசல் வர்ணம்

வர்ணப் பெட்டி வாங்கப் பணம் பத்தாது என்று சொன்னபோது, வர்ணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது என்றார் ஓவியர். செய்முறை இதோ.

பசைக்குக் கருவேலம் பிசின். எங்கள் கண்மாய்க்கரைக் கருவேல மரங்களில் பிள்ளைகளே பொறுக்கி வந்தார்கள். சீமைக்கருவேலம் இல்லை, நாட்டுக் கருவேலம். பட்டை, தூசி நீக்கி, உடைத்து, ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். முதல் முறை சுடுதண்ணீர் விட்டு உடனே கரைக்கப் பார்த்தோம், கட்டி கட்டியாக நின்றது. ஊறினால்தான் சீராகக் கரைகிறது. இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளித்த வாடை வந்துவிடும். இரண்டு கிராம்பைத் தட்டிப் போட்டு வைத்தோம், கொஞ்சம் தாங்கியது.

கறுப்புக்கு எங்கள் கரிசல் மண். தண்ணீரில் கலக்கி, கல்லும் மணலும் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் இறுத்து, அது படிந்த பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்த வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். இதை விடாமல் இரண்டு முறை செய்தால் விரலில் தேய்த்தால் மாவு மாதிரி வழுக்கும். இன்னும் அடர் கறுப்பு வேண்டுமானால் அடுப்புக்கரித் தூள். ஒரு ஸ்பூன் வண்டலுக்கு ஒரு ஸ்பூன் பிசின் தண்ணீர். பிசின் குறைந்தால் காய்ந்ததும் தாளிலிருந்து உதிரும். அதிகமானால் வெடித்துச் செதிலாகும். அதனால் ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மஞ்சளுக்கு மஞ்சள்தூள். அதில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் துளி சேர்த்தால் செக்கச் செவேலென்று ஆரத்தி நிறம். வீட்டில் எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் அதைத் தூரிகையில் தொட்டுத் தாளில் வைத்தபோது புதிதாக இருந்தது. செம்பருத்தி இதழைக் கசக்கிய சாறு ஊதாவாகத் தாளில் விழும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பு, சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் பச்சை. சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதை ஓவியரும் நானும் மட்டும் கையாண்டோம். செம்பருத்தி, மஞ்சள் நிறங்கள் வெயிலில் வெளுத்துவிடும். சுவரில் மாட்டிய படங்கள் ஒரு மாதத்தில் பாதி நிறத்துக்கு வந்துவிட்டன. கரிசல் கறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

புத்தகம் தைத்தது

நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் செய்தார்கள். ஏ4 தாள் நாலு, குறுக்காக ஒரே மடிப்பு. 16 பக்கம். அட்டைக்கு ஒரு சார்ட் துண்டு. மடிப்பின் நடுவில் ஒரு துளை, அதற்கு மேலே ஆறு சென்டிமீட்டரில் ஒன்று, கீழே ஆறு சென்டிமீட்டரில் ஒன்று. சாக்கு ஊசியால் நாங்களே குத்திக் கொடுத்தோம். நூலுக்கு விசைத்தறிப் பட்டறையில் கேட்டு வாங்கிய பாவு நூல், நாலு இழை சேர்த்து முறுக்கியது. உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசி வெளியே போகும். மேல் துளையில் உள்ளே வரும். நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே போகும். திரும்ப நடுத்துளையில் உள்ளே வரும். இரு முனையும் அந்த நீளத் தையலின் இரு பக்கமும் வருமாறு வைத்து முடிச்சு. நூலின் நீளம் புத்தக முதுகைப் போல் இரண்டரை மடங்கு இருந்தால் போதும். பவர்லூம் வீட்டுப் பிள்ளைகளின் முடிச்சைப் பார்க்க வேண்டும், இரண்டு விரலில் போட்டு இழுத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அவர்கள்தான் வாத்தியார்.

அட்டைக்கு வாங்கிய சார்ட் தடிமனாகப் போய்விட்டது. மடித்த இடத்தில் வெடித்தது. ஸ்கேலை வைத்து, எழுதாத பேனா முனையால் அழுத்திக் கோடு கிழித்துவிட்டு மடித்த பிறகு சரியாக வந்தது.

மதியம் மூன்றாவது பள்ளி. அங்கே மொத்தமே 28 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். எல்லா வகுப்பும் ஒரே அறையில். அங்கேதான் மிக நன்றாக நடந்தது என்று அக்கா சொல்கிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புத் தங்கைக்கு ஊசி கோத்துக் கொடுத்தது. மூன்று மணிக்கு முடிக்க வேண்டியது, பள்ளி விடும் மணி வரை போனது.

செலவு

இருவருக்கும் இரண்டு நாள் சம்பளம் 16,000. ரயில் 4,200. தங்க இரண்டு அறை, இரண்டு இரவு 3,600. கார் 4,400. சாப்பாடு 1,800. புத்தகம், பார்சல் செலவோடு 9,000. தாள், சுண்ணக்கட்டி, தூரிகை, லென்ஸ், பலகைச் சாயம் எல்லாம் சேர்த்து 2,300. ஆக மொத்தம் 41,300 ரூபாய். முன்னாள் மாணவர்கள் பாதிக்கு மேல் கொடுத்தார்கள். மீதியை மேலாண்மைக் குழுப் பெற்றோரும் தறி உரிமையாளர் ஒருவரும் ஏற்றுக்கொண்டார்கள். பந்தலும் மைக்கும் அந்தப் பள்ளி தனியாகச் செய்த செலவு, இதில் வராது. பிள்ளைக்குக் கணக்குப் போட்டால் 200 ரூபாய்க்குக் கீழேதான் வருகிறது. புத்தகம் பள்ளியிலேயே இருக்கிறது என்பதால் அதை ஒரு நாள் செலவாக நான் பார்க்கவில்லை.

அடுத்த முறை

ஒரு நாளைக்கு ஒரு பள்ளிதான். இரண்டாம் நாள் இடம் மாறிய நேரத்தில் அவர்கள் இருவரும் சாப்பிட்டது காருக்குள். அது முறையில்லை. புத்தகம் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் கையில் இருக்கிறதா என்று இரண்டாம் வாரமே நேரில் போய்ப் பார்த்துவிடுவேன். கிழிந்தால் வேறு வாங்கித் தருகிறோம் என்று எழுதியே கொடுத்துவிட்டால் பீரோவுக்குப் போகாது. அதற்கு மூவாயிரம் தனியாக ஒதுக்க வேண்டும். பெரிய பள்ளியில் விழா வேண்டும் என்றால், பிள்ளைகள் செய்த புத்தகங்களை வைத்து வேறொரு நாளில் பெற்றோருக்காக நடத்தலாம். முதல் பள்ளித் தலைமையாசிரியரிடமே இதைச் சொன்னேன். "அப்ப ஜூலைல ஒரு தடவ கூப்பிடுங்க டீச்சர், இந்த முறை மரத்தடிதான்" என்று அவரே தேதி கேட்டிருக்கிறார்.

ஸ்மார்ட் போர்டு வேண்டாம். லென்ஸ் பதினைந்து. பிசின் ஊறப்போடுவது முதல் நாள் மாலையே. அட்டைக்குச் சார்ட்டுக்குப் பதில் பழைய காலண்டர் அட்டை போதும், சிவகாசியில் கிலோ கணக்கில் கிடைக்கிறது.